மார்க்கெட்டிங் ஏஜென்சிக்குச் சொந்தப் பெயரில் கிளையன்ட் போர்ட்டல்: எங்கே தொடங்குவது?

கோவை_க்ளிக் (கேள்வி)

வணக்கம். 6 பேர் உள்ள சின்ன மார்க்கெட்டிங் ஏஜென்சி. மாதக் கட்டணத்தில் 18 கிளையன்ட்: ஜவுளிக்கடை, பம்ப்செட் கம்பெனி, பல் மருத்துவமனை, மீதி ஆன்லைன் கடைகள். டிசைன் ஒப்புதல் வாட்ஸ்அப் குரூப்பில், ஃபைல்கள் கூகுள் டிரைவில், மாத ரிப்போர்ட் பிடிஎஃப்பாக மெயிலில். எதைத் தேடினாலும் மூன்று இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் லோகோ, எங்கள் டொமைன் போட்ட ஒரே போர்ட்டலுக்குள் இதையெல்லாம் கொண்டுவர வேண்டும். வேறு கம்பெனி பெயர் கிளையன்ட் கண்ணில் படக் கூடாது. பட்ஜெட் மாதம் 10,000 ரூபாய். பகுதிநேர டெவலப்பர் ஒருவர் இருக்கிறார்.

ரெடிமேடாக வாங்குவதா, கட்டுவதா? டொமைன், மெயில் பக்கம் என்ன பார்க்க வேண்டும்? விளம்பர ரிப்போர்ட்டை உள்ளே எப்படிக் காட்டுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, கிளையன்ட் உள்ளே வருவாரா, இல்லை "வாட்ஸ்அப்லயே அனுப்பிடுங்க" என்பாரா?

---

நாற்சந்தி

18 கிளையன்ட்டுக்குக் கட்ட வேண்டாம், வாங்குங்கள். லாகின், ஃபைல் ஏற்றுவது, அறிவிப்பு மெயில், பாஸ்வேர்டு மறந்தவருக்கு வழி என்று வெளியே தெரியாத வேலைகளே பகுதிநேர டெவலப்பரின் சில மாதங்களைத் தின்றுவிடும். அவரை இணைப்பு வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலைப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது, காசு யார் தலைக்கு என்பது. உங்கள் டீமுக்கு மட்டுமா, கிளையன்ட் தரப்பு ஆட்களுக்குமா? முதலாளி, மேனேஜர், அக்கவுண்டன்ட் என்று கிளையன்ட்டுக்கு 3 பேர் வந்தால் 54 லாகின். தலைக்கு 300 ரூபாய் என்றாலே மாதம் 16,200. உங்கள் பட்ஜெட்டுக்கு, கிளையன்ட் லாகின் வரம்பில்லாத பிளான்தான் ஒத்துவரும்.

அடுத்தது "ஒயிட் லேபல்" (வேறு கம்பெனி செய்ததை உங்கள் பெயரில் காட்டுவது) என்ற சொல். லோகோவும் நிறமும் மாற்றுவதைக் கீழ்ப் பிளானிலேயே தருவார்கள். சொந்த டொமைன், சொந்த முகவரியிலிருந்து மெயில், பக்கத்தின் அடியில் வரும் தயாரிப்பாளர் பெயரை எடுப்பது, இவை பல இடங்களில் மேல் பிளானில்தான் இருக்கும். சோதனைக் காலத்தில் ஒரு ஜிமெயிலைப் போலிக் கிளையன்ட்டாகச் சேர்த்து முழுதும் நடந்து பாருங்கள். அழைப்பு மெயில், பாஸ்வேர்டு மாற்றும் மெயில், பிரவுசர் டேபின் ஐகானும் தலைப்பும், 404 பக்கம், பிடிஎஃப்பின் அடிக்குறிப்பு, மீட்டிங் அழைப்பு, உதவிப் பட்டன், ஃபைலை டவுன்லோடு செய்யும்போது வரும் முகவரி. வேறு கம்பெனி பெயர் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் பாஸ்வேர்டு மெயிலிலும் ஃபைல் முகவரியிலும்தான்.

"உங்கள் பெயரிலேயே மொபைல் ஆப்" என்று ஆசை காட்டுவார்கள். டெம்ப்ளேட்டில் செய்த ஆப்பை ஆப்பிள் ஸ்டோரில் ஏற்ற வேண்டுமானால் உங்கள் பெயரிலேயே டெவலப்பர் கணக்கு வேண்டும், ஆண்டுக்கு 99 டாலர். 18 கிளையன்ட்டுக்கு அது வீண். போனின் ஹோம் ஸ்கிரீனில் வைக்கும்படி 192, 512 பிக்சல் ஐகான்களைச் சரியாகக் கொடுத்தாலே ஆப் போலத் தெரியும்.

லோகோவில் ஒரு சின்ன விஷயம். போர்ட்டலுக்கு எஸ்.வி.ஜி. நல்லது, மெயிலுக்கு பி.என்.ஜி. கொடுங்கள், ஜிமெயில் எஸ்.வி.ஜி.யைக் காட்டாது. பின்னணி இல்லாத கறுப்பு லோகோ டார்க் மோடில் காணாமல் போகும், சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு வையுங்கள். பிராண்டு நிறம் மஞ்சள் என்றால் பட்டன் மேல் வெள்ளை எழுத்து போடாதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடாவது இருக்க வேண்டும், மஞ்சள்–வெள்ளை அதன் பக்கத்தில்கூட வராது.

---

மெயில்காரன்

டொமைன், மெயில் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். போர்ட்டல் சொதப்பும் இடம் முக்கால்வாசி இதுதான்.

முதலில் முகவரி. போர்ட்டலை முதன்மை டொமைனில் வைக்க முடியாது, துணை டொமைன் வேண்டும். "போர்ட்டல்" என்ற பெயரில் ஒரு சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவு) போட்டு விற்பனையாளர் தரும் முகவரிக்குக் காட்டுங்கள். சிநேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது என்பது டி.என்.எஸ். (டொமைன் பெயர்களின் முகவரிப் பட்டியல்) விதி. வெறும் டொமைனில் எம்.எக்ஸ். (மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது) போன்றவை ஏற்கெனவே இருப்பதால்தான் அங்கே போட முடிவதில்லை. மாற்றுவதற்கு முன்தினமே டி.டி.எல். மதிப்பை (பழைய பதிலை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது) 300 நொடிக்கு இறக்கி வையுங்கள். தப்பாகப் போட்டாலும் 5 நிமிடத்தில் திருத்திவிடலாம்.

சிநேம் சரியாக இருந்தும் "பாதுகாப்பற்ற தளம்" என்று வந்தால் சி.ஏ.ஏ. ரெக்கார்டைப் பாருங்கள். எந்தச் சான்றிதழ் நிறுவனம் உங்கள் டொமைனுக்குச் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் ரெக்கார்டு அது. பழைய ஹோஸ்டிங்காரர் வேறொரு நிறுவனத்தை மட்டும் எழுதி வைத்திருந்தால், விற்பனையாளர் லெட்ஸ் என்கிரிப்ட்டில் கேட்கும் சான்றிதழ் வராது. அந்தப் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.

மெயிலில் எல்லோரும் செய்யும் தவறு, விற்பனையாளர் பெயரை எஸ்.பி.எஃப். ரெக்கார்டில் (உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது. எஸ்.பி.எஃப். சரிபார்க்கப்படுவது மெயில் திரும்பிவரும் முகவரியின் டொமைனில். அது பெரும்பாலும் விற்பனையாளருடையது. ஆகவே உங்கள் எஸ்.பி.எஃப்.பில் சேர்த்ததை யாரும் படிப்பதே இல்லை. டிமார்க் (சோதனையில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் ரெக்கார்டு) கேட்பதோ, அனுப்புநர் பெயரில் தெரியும் டொமைனோடு எஸ்.பி.எஃப்., டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும் என்பது. எனவே உங்கள் டொமைனிலேயே டிகிம் கையெழுத்து போட வைக்க வேண்டும். விற்பனையாளர் இதற்கென்று இரண்டு மூன்று சிநேம் ரெக்கார்டு தருவார். தராவிட்டால் அந்தச் சேவையே வேண்டாம்.

எஸ்.பி.எஃப். ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. உள்ளே 10 டி.என்.எஸ். தேடலுக்கு மேல் போனாலும் செல்லாது. டிகிம் சாவியை டெக்ஸ்ட் ரெக்கார்டாக ஒட்டும்போது 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும். சில டி.என்.எஸ். பேனல்கள் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஒட்டியபின் ஒருமுறை திரும்பப் படித்துக் கடைசி எழுத்தைச் சரிபாருங்கள்.

ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து விதிகளை இறுக்கிவிட்டன. நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவருக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். நீங்கள் அந்த அளவுக்கு அனுப்ப மாட்டீர்கள், இருந்தாலும் மூன்றையும் செய்துவிடுங்கள். டிமார்க்கை முதல் சில வாரம் "நன்" (எதுவும் செய்யாதே) கொள்கையில் விட்டு, வரும் அறிக்கைகளைப் பார்த்து, பிறகு "குவாரன்டைன்" (ஸ்பேமில் போடு) ஆக்குங்கள். நேரடியாகக் கடுமையாக்கினால் உங்கள் இன்வாய்ஸ் மெயிலே ஸ்பேமுக்குப் போகும்.

போர்ட்டல் அறிவிப்புகளைத் தனித் துணை டொமைனிலிருந்து அனுப்புவது நல்லது. அதில் ஏதாவது கெட்டாலும் உங்கள் அன்றாட மெயிலுக்கு அவ்வளவாகப் பாதிப்பு வராது.

---

அட்டவணைப்புலி

ரிப்போர்ட்: லுக்கர் ஸ்டுடியோவை (கூகுளின் ரிப்போர்ட் கருவி) அப்படியே ஐஃபிரேமில் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) உட்கார வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதில் இரண்டு பள்ளம்.

"லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்று திறக்காவிட்டால் பார்ப்பவர் கூகுளில் சைன்-இன் ஆகியிருக்க வேண்டும். சஃபாரி மூன்றாம் தரப்பு குக்கியைத் தடுப்பதால், ஐபோனில் ஐஃபிரேமுக்குள் அது தகராறு செய்யும். சரி என்று திறந்துவிட்டால் லிங்க் கிடைத்தவர் எல்லோரும் பார்க்கலாம். இரண்டாவது பள்ளம் இதைவிட மோசம்: 18 கிளையன்ட்டுக்கும் ஒரே ரிப்போர்ட் செய்து, முகவரியில் கிளையன்ட் எண்ணைக் கொடுத்து வடிகட்டுவது. எண்ணை 7லிருந்து 8 ஆக்கினால் அடுத்த கிளையன்ட்டின் விளம்பரச் செலவு திறந்து கிடக்கும். கிளையன்ட்டுக்கு ஒரு ரிப்போர்ட், ஒரு டேட்டா சோர்ஸ் என்றுதான் வைக்க வேண்டும்.

நேரடி டேஷ்போர்டை விட, மாதம் ஒருமுறை எடுத்து உறையவைத்த எண்கள்தான் ஏஜென்சிக்கு நிம்மதி. காரணம், எண்கள் பின்னோக்கி மாறும். மெட்டாவில் ஒரு விற்பனை, அது நடந்த நாளில் பதிவாகாது. விளம்பரம் பார்த்த அல்லது கிளிக் செய்த நாளுக்குப் போய்ச் சேரும். இயல்பான கணக்கு, கிளிக் செய்து 7 நாளுக்குள், பார்த்து 1 நாளுக்குள் நடந்த விற்பனை. கூகுள் ஆட்ஸின் வழக்கமான கன்வர்ஷன் பத்தியும் கிளிக் நாளைத்தான் பிடிக்கும். ஜி.ஏ.4 (கூகுள் அனலிட்டிக்ஸ்) மட்டும் விற்பனை நடந்த நாளைப் பிடிக்கும், அதுவும் முழுதாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். எனவே மார்ச் ரிப்போர்ட்டை ஏப்ரல் 1 அன்று எடுத்தால் ஒரு எண், 10ஆம் தேதி எடுத்தால் இன்னொரு எண். எல்லாக் கிளையன்ட்டுக்கும் 9ஆம் தேதி எடுப்பது என்று வைத்து, "ஏப்ரல் 9 நிலவரம்" என்று பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

டெவலப்பர் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தங்களுக்குள் டேட்டா பரிமாறும் வாசல்) வழியாக எடுக்கிறார் என்றால் அவருக்குச் சில எச்சரிக்கை. கூகுள் ஆட்ஸ் செலவை மைக்ரோவில் தரும். 1,250 ரூபாய் செலவு 1250000000 என்று வரும், 10 லட்சத்தால் வகுக்க வேண்டும். மெட்டாவில் செலவு ரூபாயில் வரும், பட்ஜெட் பைசாவில் வரும். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் பட்ஜெட் நூறு மடங்காகத் தெரியும். ரீச்சை (விளம்பரம் பார்த்த ஆட்களின் எண்ணிக்கை) கூட்டக் கூடாது. 30 நாளின் தினசரி ரீச்சைக் கூட்டினால் மாத ரீச் வராது, ஒரே ஆள் பல நாளில் எண்ணப்பட்டிருப்பார். மாத ரீச்சை மாதமாகவே கேட்டு வாங்குங்கள். விளம்பரக் கணக்கும் ஜி.ஏ.4ம் ஒரே நேர மண்டலத்தில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

இணைப்பு அறுந்துபோவது அடுத்த தலைவலி. மெட்டாவில் தனிநபர் டோக்கன் (டேட்டா எடுக்கும் டிஜிட்டல் அனுமதிச் சீட்டு) ஏறத்தாழ 60 நாளில் செத்துவிடும், சிஸ்டம் யூசர் டோக்கன் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. கூகுள் பக்கம் வாராவாரம் திங்கட்கிழமை ரிப்போர்ட் காலியாக வந்தால், உங்கள் ஆப் இன்னும் "டெஸ்டிங்" நிலையில் இருக்கிறதா பாருங்கள். அந்த நிலையில் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு 7 நாள்தான் ஆயுசு.

சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் தளம் எப்படி வந்தது என்று காட்டுவது) 16 மாதத்துக்கு மேல் பழைய டேட்டா தராது. போன தீபாவளியோடு மட்டும் ஒப்பிட்டால் பிரச்சினை இல்லை, அதற்கு முந்தைய தீபாவளி வேண்டுமென்றால் மாதாமாதம் எடுத்துச் சேமித்திருக்க வேண்டும்.

---

நிரலன்

மேலே சொன்ன "7லிருந்து 8" சோதனையைப் போர்ட்டல் முழுக்கச் செய்யுங்கள். இரண்டு போலிக் கிளையன்ட் உருவாக்கி, ஒருவராக உள்ளே போய், மற்றவருடைய இன்வாய்ஸ், ஃபைல், கமென்ட் முகவரிகளை ஒட்டிப் பாருங்கள். நோ-கோட் (கோடு எழுதாமல் கட்டும்) கருவிகளில் திரையில் மறைப்பது வேறு, டேட்டாவையே தராமல் இருப்பது வேறு. வடிகட்டி திரையில் மட்டும் வேலை செய்தால், பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்தவருக்கு 18 கிளையன்ட்டும் தெரியும்.

டெவலப்பர் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வைத்துக் கட்டினால்: ரோ லெவல் செக்யூரிட்டி (எந்த வரியை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு) போட்டாலும் டேபிளின் உரிமையாளருக்கு அது இயல்பில் பொருந்தாது, "ஃபோர்ஸ்" சேர்க்க வேண்டும், அல்லது ஆப்புக்கு வேறு யூசர் கொடுக்க வேண்டும். வியூக்களும் (சேமித்து வைத்த தேடல்கள்) இயல்பில் உருவாக்கியவரின் உரிமையில் ஓடும். வியூ வழியாகத்தான் அடிக்கடி ஒழுகும்.

---

கணக்குப்பிள்ளை

கடைசிக் கேள்விக்கு என் பதில்: வருவார், உள்ளே அவருக்கு வேலை இருந்தால். ரிப்போர்ட் பார்க்க எந்த முதலாளியும் போர்ட்டலுக்கு வர மாட்டார். ஒப்புதலுக்கு வருவார், ஏனென்றால் அது நின்றால் அவருடைய ஆடி ஆஃபர் விளம்பரம் நிற்கும். எனவே முதல் மாதம் ஒப்புதல் மட்டும் வையுங்கள். ஃபைல், இன்வாய்ஸ், ரிப்போர்ட் எல்லாம் அப்புறம். மெனுவில் காலியான 8 தலைப்பைப் பார்த்தால் மனுஷர் திரும்ப வர மாட்டார்.

ஒப்புதல் திரை எப்படி இருக்க வேண்டும் என்றால்:

"ஆடித் தள்ளுபடி – இன்ஸ்டாகிராம் போஸ்ட் 3 – பதிப்பு 2
வெளியாகும் நாள்: ஜூலை 18, காலை 10.00
ஜூலை 16 மாலை 5.00க்குள் பதில் தேவை
மாற்றியது: விலை 1,499லிருந்து 1,399, கடை போன் எண் சேர்த்தோம்
[ஓகே, போடலாம்] [மாற்றம் வேண்டும்]"

இரண்டே பட்டன். "பார்த்தேன்" என்று மூன்றாவது வைத்தால் எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள். படம் 1080 × 1350 முழு அளவில், அதன் கீழேயே கேப்ஷனும் இருக்க வேண்டும். படத்துக்கு ஓகே வாங்கிவிட்டு கேப்ஷனைத் தனியாக அனுப்பினால் விலைப் பிழை அங்கேதான் நுழையும். ஓகே அழுத்தியவுடன் அந்தப் பதிப்பு பூட்டப்பட வேண்டும். பிறகு யார் ஃபைலை மாற்றினாலும் புதுப் பதிப்பு எண்ணும் புது ஒப்புதலும் வர வேண்டும். யார், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பதிப்பு என்ற நான்கும் பதிவில் இல்லாத போர்ட்டலுக்கு வாட்ஸ்அப்பே மேல்.

கிளையன்ட் பக்கத்தில் ஒப்புதல் உரிமை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் கமென்ட் எழுதலாம். அண்ணன் ஓகே சொல்லி, தம்பி வேண்டாம் என்று சொல்லும் குடும்பக் கம்பெனிகளில் இந்த ஒரு அமைப்பே பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

வாட்ஸ்அப்பை விட்டு வரச் சொல்லாதீர்கள், அதையே வாசலாக்குங்கள். பிசினஸ் ஏ.பி.ஐ. வழியாக "பதிப்பு 2 தயார், பார்க்க" என்று லிங்கோடு ஒரு அறிவிப்பு போகட்டும். கிளையன்ட் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால் முன்பே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட்டில்தான் அனுப்ப முடியும், அதை "யூட்டிலிட்டி" வகையில் பதிவு செய்யுங்கள். ஆஃபர், வாழ்த்து என்று ஏதாவது சேர்த்தால் மார்க்கெட்டிங் வகைக்குத் தள்ளிவிடுவார்கள், செலவு கூடும். கிளையன்ட் குரூப்பிலேயே "ஓகே" போட்டுவிட்டால் உங்கள் ஆள் அதைப் போர்ட்டலில் பதிந்து, ஸ்கிரீன்ஷாட்டை இணைக்கட்டும். சண்டை போட வேண்டாம்.

எஸ்.எம்.எஸ்.ஸில் ஓ.டி.பி. அனுப்பும் எண்ணம் இருந்தால் டி.எல்.டி. பதிவு (டெலிகாம் கம்பெனிகளிடம் செய்வது), ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் அனுமதி எல்லாம் வேண்டும். தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 இல்லை, 70 எழுத்துதான். 54 பேருக்கு அவ்வளவு பாடு தேவையில்லை, மெயிலில் குறியீடு போதும்.

இன்னொன்று. பழைய கிளையன்ட்டுகள் தமிழ் வாசகத்தை பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய தமிழ் ஃபான்ட்) டைப் செய்து வேர்டு ஃபைலாகத் தருவார்கள். போர்ட்டலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஏற்றும் பெட்டிக்குக் கீழேயே "யூனிகோட் தமிழில் மட்டும்" என்று எழுதி, மாற்றிக்கொள்ள ஒரு கன்வெர்ட்டர் லிங்கும் வையுங்கள்.

---

கோவை_க்ளிக்

எல்லோருக்கும் நன்றி. சோதனைக் கணக்கு திறந்து பார்த்ததில் மூன்று சிக்கல். (1) துணை டொமைனைத் திறந்தால் "பலமுறை திருப்பி அனுப்பப்பட்டது" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, டி.என்.எஸ். கிளவுட்ஃப்ளேரில். (2) பம்ப்செட் கம்பெனிக்காரருக்கு மட்டும் லாகின் லிங்க் எப்போதும் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்கிறது. மற்றவர்களுக்குச் சரி. (3) டெவலப்பர் செய்த பிடிஎஃப்பில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது. ஒரு ஃபான்ட் சேர்த்தபின் எழுத்து வருகிறது, ஆனால் "கொ" எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கிறது.

---

மெயில்காரன்

1) அந்த ரெக்கார்டில் ஆரஞ்சு மேகம் எரிகிறது, அதாவது வருபவர் கிளவுட்ஃப்ளேர் வழியாகவே போகிறார். கிளவுட்ஃப்ளேர் "ஃப்ளெக்சிபிள்" முறையில் விற்பனையாளரிடம் பாதுகாப்பற்ற வழியில் போகிறது, அவர் பாதுகாப்பான வழிக்குத் திருப்புகிறார், மறுபடி முதலிலிருந்து. மேகத்தைச் சாம்பல் ஆக்கி, டி.என்.எஸ். மட்டும் என்று விடுங்கள். சான்றிதழ் வரச் சற்று நேரம் கொடுங்கள்.

2) அவர்கள் கம்பெனி மெயிலில் லிங்க் ஸ்கேனர் இருக்கும். மெயில் அவர் கண்ணில் படும் முன்பே ஸ்கேனர் லிங்கைத் திறந்து பார்த்துவிடுகிறது. ஒருமுறை மட்டும் செல்லும் லிங்க் அங்கேயே செலவாகிவிடுகிறது. லிங்குக்குப் பதில் 6 இலக்கக் குறியீடு அனுப்பும் வசதி செட்டிங்கில் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அவருக்கு மட்டும் பாஸ்வேர்டு.

---

நிரலன்

3) கட்டம் வந்தது சர்வரில் தமிழ் ஃபான்ட் இல்லாததால். கொம்பு இடம் மாறுவது வேறு நோய். எழுத்துகளை வரிசையாக அச்சடிக்கும் எளிய பிடிஎஃப் லைப்ரரிகளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோக்கத் தெரியாது, எந்த ஃபான்ட் போட்டாலும் அப்படியேதான் வரும். ரிப்போர்ட்டை எச்.டி.எம்.எல். பக்கமாக எழுதி, திரையில்லாத குரோமில் பிடிஎஃப்பாக அச்சிடச் சொல்லுங்கள். குரோம் சரியாகக் கோக்கும். சர்வர் டெபியன் அல்லது உபுண்டு என்றால் நோட்டோ ஃபான்ட் தொகுப்பை நிறுவி, எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுங்கள். டாக்கரில் (ஆப்பைத் தனிப் பெட்டியாக ஓட்டும் முறை) ஓடுகிறது என்றால் அந்த இமேஜுக்குள்ளேயே நிறுவ வேண்டும், வெளியே சர்வரில் இருப்பது உள்ளே தெரியாது. சோதிக்க "கொடுக்கப்பட்டுள்ளது, ஸ்ரீ, க்ஷ, நௌ" என்று ஒரு வரி அச்சிட்டுப் பார்த்தால் போதும்.